கொல்லிமலை பஸ்ஸில் ஏதென்ஸ்!



கொல்லிமலைக்கு பஸ்ல போயிருக்கீங்களா? பைக்ல போய் போட்டோ எடுத்துட்டு வந்தவங்க எல்லாம் கையைக் கீழே போடுங்க. நான் கேக்குறது பஸ்! நாமக்கல்ல ஏறி, சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளி அடிவாரம் வந்ததும் டிரைவர் ஒரு தடவை கழுத்தை நெட்டி முறிப்பார் பாருங்க... அதுக்கப்புறம் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. பத்தாவது வளைவுல பாட்டு நிக்கும். இருபதாவது வளைவுல பேச்சு நிக்கும். முப்பதாவது வளைவுல பக்கத்து சீட்டுக்காரர் எலுமிச்சம்பழம் தேடுவார்.

2023 ஜூலைக் கடைசியில, வல்வில் ஓரி விழாவுக்கு நாலைஞ்சு நாள் முன்னாடி, நான் அந்த பஸ்ல இருந்தேன். என் பக்கத்து சீட்ல ஒரு தம்பி. மலைக்காரப் பையன். கீழே காலேஜ்ல பி.ஏ. ஹிஸ்டரி ரெண்டாவது வருஷம். மடியில ஒரு ஜெராக்ஸ் நோட்ஸ். முகத்துல அரியர் களை!

"என்ன தம்பி, எந்த பேப்பர் காலை வாரிச்சு?"

"பண்டைய நாகரிகங்கள் அண்ணா. கிரீஸ்தான் வில்லன். ஜனநாயகத்தின் தோற்றமும் வளர்ச்சியும், பத்து மார்க். இந்த கிளைஸ்தனிஸ்ங்கிற பேரைச் சொல்றதுக்குள்ள ரெண்டு வளைவு போயிடுது. ஏதென்ஸ்ல எவனோ ஓட்டுப் போட்டா எங்க மலைக்கு என்னண்ணா?"

நியாயமான கேள்வி. இன்னும் 70 வளைவு இருக்கு. ஆரம்பிச்சேன். அன்னிக்கு அந்தத் தம்பிகிட்ட பேசினதைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் சொல்றேன். எலுமிச்சம்பழத்தைக் கையில வெச்சுக்கங்க!

வளைவு 1: கடன்தான் ஆரம்பம்

ஜனநாயகம்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஓட்டு, விரல்ல மை, மைக்செட். ஏதென்ஸ்ல கதை அங்கே ஆரம்பிக்கலை. கந்துவட்டியில ஆரம்பிச்சுது!

கி.மு. 600 வாக்குல அங்கே நிலம் எல்லாம் பெரிய குடும்பங்கள் கையில. சின்ன விவசாயி கடன் வாங்குவான். திருப்பிக் கட்ட முடியலைன்னா நிலம் போகும். அப்புறம் அவனே போவான், அதாவது அடிமையா. பெண்டாட்டி பிள்ளைகளும் சேர்ந்து. ஊர் ரெண்டாப் பிளந்து வெட்டுக்குத்து வர்ற நிலைமை.

அப்போ கி.மு. 594-ல சோலோன்னு ஒருத்தர்கிட்ட பொறுப்பைக் கொடுத்தாங்க. அவர் கடனைத் தள்ளுபடி செஞ்சார். இனிமே மனுஷ உடம்பை அடமானமா வெச்சுக் கடன் கொடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டார். மக்களை நாலு வகுப்பாப் பிரிச்சார். எந்தக் குடும்பத்துல பிறந்தேங்கிறது கணக்கில்லை, உன் நிலத்துல எவ்வளவு விளையுதுங்கிறதுதான் கணக்கு. பெரிய பதவி எல்லாம் பணக்காரனுக்குத்தான். ஆனா கடைசி வகுப்புக் கூலிக்காரனும் மக்கள் மன்றத்துக்கு வரலாம், நீதிமன்றத்துல உட்காரலாம்.

"இதுல என்னண்ணா பெருசா? பணக்காரன்தானே பதவியில இருக்கான்?"

சரிதான் தம்பி. ஆனா, பிறப்பை மாத்த முடியாது, விளைச்சலை மாத்தலாம். பூட்டுன கதவு ஒரு இன்ச் திறந்துச்சு. அதுக்கப்புறம் நடுவுல பைசிஸ்ட்ராடஸ்னு ஒருத்தர் வந்து ஆட்சியைப் பிடிச்சார், அவருக்கப்புறம் அவர் பிள்ளைகள். அந்தக் கதையை ரெண்டு வளைவுல முடிச்சுட்டு நேரா நம்ம வில்லன்கிட்ட போயிடலாம்.

வளைவு 14: கிளைஸ்தனிஸ் போட்ட குலுக்கல்

கிளைஸ்தனிஸ். கி.மு. 508. இவர் செஞ்ச வேலையை உங்க காலேஜை வெச்சுச் சொல்றேன், அரியர் ஆயுசுக்கும் வராது.

உங்க காலேஜ்ல என்னென்ன கோஷ்டி இருக்கு? ஹாஸ்டல் கோஷ்டி. டவுன் பஸ் கோஷ்டி. டே ஸ்காலர்ல பைக் வெச்ச கோஷ்டி. வெளியே சொல்லாத, ஆனா எல்லாருக்கும் தெரிஞ்ச இன்னொரு கோஷ்டியும் இருக்கும். எலெக்‌ஷன் வெச்சா என்ன ஆகும்? எந்த கோஷ்டிக்குத் தலை அதிகமோ அது ஜெயிக்கும். ஆள் யாருங்கிறது விஷயமே இல்லை.

ஏதென்ஸ்லயும் அதே கதை. பரம்பரையா நாலு குலம். ஒவ்வொரு குலத்தையும் நாலு பெரிய வீட்டுக்காரங்க ஆட்டி வெச்சாங்க. கிளைஸ்தனிஸ் அந்த நாலையும் அரசியல்ல இருந்து ஓரங்கட்டிட்டு, புதுசா பத்து குழு உண்டாக்கினார். எப்படி? ஊரையும் சுத்துப்பட்டையும் மூணா பிரிச்சார்: நகரம், கடற்கரை, உள்நாடு. ஒவ்வொரு குழுவிலும் மூணு பகுதியில இருந்தும் ஒவ்வொரு துண்டு. மீன்பிடிக்கிறவனும், மலையடிவாரத்துல ஆலிவ் பயிர் செய்றவனும், நகரத்துல செருப்புத் தைக்கிறவனும் ஒரே குழு. ஒண்ணா சாமி கும்பிடணும், ஒண்ணா போருக்குப் போகணும், ஒண்ணா ஆலோசனை சபைக்கு ஆள் அனுப்பணும். கோஷ்டித் தலைவருக்கு ஆள் சேர்க்கவே முடியாது!

இதுக்கெல்லாம் அடிப்படை யூனிட் என்ன தெரியுமா? 'டீமோஸ்'. சின்னச் சின்ன ஊர்கள். மொத்தம் 139. பையனுக்குப் பதினெட்டு வயசானா அந்த ஊர்க்காரங்க கூடி, சத்தியம் பண்ணி, வயசு சரியா, சுதந்திரமான குடும்பத்துப் பையனான்னு வோட்டெடுத்துப் பேரேட்டுல சேர்ப்பாங்க. அதுக்கப்புறம் அவன் அந்த ஊர்க்காரன். அப்பா பேரோட ஊர்ப் பேரும் அடையாளமா ஒட்டிக்கும். பெரிக்ளிஸ்னா கோலார்கஸ் ஊர் பெரிக்ளிஸ். சாக்ரடீஸ்னா அலோபெக்கே ஊர் சாக்ரடீஸ். நம்ம தாத்தாக்கள் பேருக்கு முன்னாடி ஊர்ப் பேரோட முதல் எழுத்தைப் போட்டுக்கிட்டாங்களே, கிட்டத்தட்ட அது மாதிரி.

தம்பி நோட்ஸை மூடினான். "அண்ணா... இது எங்க நாடு மாதிரில்ல இருக்கு!"

வளைவு 28: பதினாலு நாடு

கீழ இருக்கிற நமக்கு நாடுன்னா இந்தியா. கொல்லிமலையில நாடுன்னா வேற. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு, ஆலத்தூர் நாடு, திருப்புளி நாடு, எடப்புளி நாடு, சித்தூர் நாடு, பைல் நாடு... இப்படிப் பதினாலு. இன்னிக்கு இந்தப் பதினாலும்தான் கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தோட பதினாலு கிராம ஊராட்சி. 'நாடு'ங்கிற சொல் சோழர் காலத்துலயே பல ஊர்கள் சேர்ந்த பகுதிக்குப் பேர். சமவெளியில அது பெரும்பாலும் வழக்கொழிஞ்சு போச்சு. மலையில அப்படியே உசுரோட இருக்கு.

மலையில பெரும்பாலானவங்க மலையாளிப் பழங்குடி மக்கள். (கேரளாவுக்கும் இவங்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்றவங்கன்னு அர்த்தம். தாய்மொழி தமிழ்.) ஊருக்கு ஊர்க் கவுண்டர், அவருக்கு மேல பட்டக்காரர்னு பரம்பரைப் பொறுப்புகள். கோயில் திருவிழா, கல்யாணம், வரப்புத் தகராறு எல்லாம் ஊர் கூடிப் பேசித் தீர்க்கிற வழக்கம் நெடுநாளா இருக்கு.

"ஆனா அண்ணா, எங்க ஊர்க் கூட்டத்துல பேசுறதெல்லாம் பெரியவங்கதான். நான் வாயைத் திறந்தா, 'நேத்துப் பொறந்தவன்'னு சித்தப்பா முறைப்பார்."

இதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்குச்சு. துருவினேன். விஷயம் வெளியே வந்துச்சு. அவங்க ஊர்ல ஒரு தண்ணித் தொட்டி. வேலை முடிஞ்சுதுன்னு பலகை இருக்கு. தொட்டியும் இருக்கு. குழாய் மட்டும் பாதியில நிக்குது. அவங்க அம்மா இன்னும் ஊத்துக்குத்தான் குடத்தோட நடக்கிறாங்க. ஆகஸ்ட் 15 கிராம சபையில எழுந்து கேக்கணும்னு இவனுக்கு ஆசை. சித்தப்பா, "படிக்கிற பையன், உனக்கெதுக்குப் பொல்லாப்பு?"ன்னுட்டார்.

ஆக, தம்பிக்கு ரெண்டு அரியர்! ஒண்ணு யுனிவர்சிட்டியில. இன்னொண்ணு ஊர்ல.

வளைவு 35: யார் பேச விரும்புறீங்க?

பாதி மலை ஏறியாச்சு. இப்போ ஏதென்ஸ் கூட்டத்துக்குள்ள போவோம்.

நிக்ஸ்னு ஒரு பாறைக் குன்று. நம்ம ஊர் மந்தை மாதிரி திறந்த வெளி. கி.மு. நாலாம் நூற்றாண்டுல வருஷத்துக்கு நாற்பது கூட்டம் வரைக்கும் அங்கே நடந்துச்சு. சில முக்கியமான முடிவுக்குக் குறைஞ்சது 6,000 பேர் இருக்கணும். ஜனங்க சந்தையில நின்னு அரட்டை அடிச்சா, சிவப்புச் சாயம் தோய்ச்ச கயித்தை ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டுக் கூட்டத்தை நோக்கி ஓட்டுவாங்களாம். சட்டையில சாயம் ஒட்டுனா 'கட்' அடிச்சவன்னு ஊருக்கே தெரியும். அட்டெண்டன்ஸ் சிஸ்டத்துல நமக்கெல்லாம் அவங்க தாத்தா!

கூட்டம் கூடினதும் அறிவிப்பாளர் ஒரே ஒரு கேள்வி கேப்பார்: "யார் பேச விரும்புறீங்க?" அவ்வளவுதான். 'தலைவர் பேசுவார், நீங்க கை தட்டுங்க' இல்லை. பழைய முறையில ஐம்பது வயசைத் தாண்டினவங்களை முதல்ல கூப்பிடுவாங்க, உங்க சித்தப்பா சந்தோஷப்படுவார். ஆனா அதுக்கப்புறம் மிச்சப் பேரையும் கூப்பிடுவாங்க. சமமாப் பேசுற உரிமைக்கு அவங்ககிட்ட தனி வார்த்தையே இருந்துச்சு, இசெகோரியா.

பதவிகள்ல பெரும்பாலானதுக்கு எலெக்‌ஷனே கிடையாது. குலுக்கல்! ஆலோசனை சபைக்கு 500 பேர், குழுவுக்கு 50 வீதம், சீட்டுக் குலுக்கி எடுப்பாங்க. ஒரு வருஷம்தான். வாழ்நாள்ல ரெண்டு தடவைக்கு மேல முடியாது. அந்தச் சபைக்குத் தலைவர் பதவி எத்தனை நாள் தெரியுமா? ஒரே ஒரு நாள். அதுவும் குலுக்கல். ஊர் முத்திரையும் கஜானாச் சாவியும் ஒரு பகல் ஒரு ராத்திரி அவர்கிட்ட. மறுநாள் வேற ஆள். தளபதி மாதிரித் திறமை வேணும்ங்கிற பதவிக்கு மட்டும் தேர்தல்.

ஏன் குலுக்கல்? தேர்தல் வெச்சா பணக்காரனும் பேச்சாளியும்தான் ஜெயிப்பான்னு அவங்க நினைச்சாங்க. இப்பவும் அதைத் தப்புன்னு அடிச்சுச் சொல்ல யாராவது தயாரா? நம்ம சில கிராமங்கள்ல பஞ்சாயத்துத் தலைவர் பதவியையே ஏலம் விட்ட செய்தியை எல்லாம் பார்த்திருக்கோமே!

வளைவு 42: பானைக்குள் கை விட்ட பையன்

"அண்ணா, குலுக்கல்னா நம்ம குடவோலைதானே? நாமதானே உலகத்துக்கே முதல்ல..."

ஸ்டாப்! இந்த பார்வர்டு மெசேஜ் எனக்கும் வந்துச்சு தம்பி. தேதியைப் பார்ப்போம். உத்திரமேரூர் கல்வெட்டு முதலாம் பராந்தகச் சோழன் காலம், கி.பி. 919-லயும் 921-லயும் ரெண்டு தீர்மானம். கிளைஸ்தனிஸுக்கு அப்புறம் சுமார் 1,400 வருஷம். கிளைஸ்தனிஸ் காலத்தை ஒட்டியே வடக்கே வைசாலியில லிச்சவிகள் கூடிப் பேசி ஆண்டாங்க. அதனால 'முதல் ரேங்க்' சண்டை வேண்டாம். குடவோலைக்குப் பெருமை வேற இடத்துல இருக்கு.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல அந்த விதிகள் இன்னிக்கும் இருக்கு. ஊரை முப்பது குடும்பாப் பிரிச்சாங்க, நம்ம வார்டு மாதிரி. தகுதியானவங்க பேரை ஓலையில எழுதி, குடும்பு வாரியாக் கட்டி, குடத்துல போடுவாங்க. சின்னவங்க பெரியவங்க எல்லாரும் கூடின மகாசபை. இருக்கிறதுலயே வயசான நம்பி குடத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்டுவார். விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன் ஒரு கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து இன்னொரு வெறும் குடத்துல போட்டுக் குலுக்கினதும், அதுல இருந்து ஒரு ஓலை. அதை வாங்குற மத்தியஸ்தர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும்! ஏன்? விரலிடுக்குல வேற ஓலையை ஒளிச்சு வெச்சுட்டா? ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே 'கள்ள ஓட்டு' போடுறவனை யோசிச்சு வெச்சிருக்காங்க பாருங்க.

இப்படி எடுத்தவங்களை வெச்சு சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம். பதவிக் காலம் 360 நாள். முந்தின மூணு வருஷத்துல வாரியத்துல இருந்தவர் நிக்கக் கூடாது. முக்கியமான விதி இனிமேதான். பதவியில இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவர் நிக்கக் கூடாது. அவர் மட்டுமா? அவர் நெருங்கின சொந்தக்காரங்களும் நிக்கக் கூடாது! 'அண்ணன் நிக்கலைன்னா அண்ணி'ங்கிற பேச்சே இல்லை.

இப்போ ஏதென்ஸைத் திரும்பிப் பாருங்க. அங்கேயும் பதவி முடிஞ்சு இறங்குற ஒவ்வொருத்தரும் கணக்குக் கொடுக்கணும். கணக்கு முடியற வரைக்கும் வெளிநாடு போக முடியாது, சொத்தைக் கைமாத்த முடியாது. எந்தக் குடிமகனும் வந்து, "இவர்மேல எனக்குப் புகார் இருக்கு"ன்னு சொல்லலாம்.

ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே இராத ரெண்டு ஊர். நடுவுல கடல், 1,400 வருஷம். ரெண்டு பேரும் கடைசியில வந்து நின்னது ஒரே இடத்துல: கணக்கு எங்கே?

தம்பி ஜன்னல் வழியா வெளியே பார்த்துட்டே இருந்தான். அப்புறம் சொன்னான். "எங்க தாத்தா சொல்வார் அண்ணா, நாங்க எல்லாம் ஆதியில காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்கன்னு. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன்னு மூணு பேர் வந்து மலைக்கு ஒருத்தராத் தங்குனாங்கன்னு."

அது மலையாளி மக்கள் காலங்காலமாச் சொல்ற கதை. வரலாறா, வாய்வழிக் கதையாங்கிறதை ஆராய்ச்சிக்காரங்க பார்த்துக்கட்டும். உத்திரமேரூர் காஞ்சிபுரம் மாவட்டத்துலதான் இருக்குன்னு மட்டும் சொல்லி வெச்சேன். தம்பி முகத்துல முதல் தடவையா ஒரு சிரிப்பு!

வளைவு 50: வெளியே நின்னவங்க

சிரிப்போட நிறுத்திடலாம்தான். ஆனா அது நேர்மையில்லை.

ஏதென்ஸ் குன்று மேல யார் இருந்தாங்கன்னு சொன்னேன். யார் இல்லைன்னு சொல்லலையே? பெண்கள் இல்லை. அடிமைகள் இல்லை, அந்த ஊரோட வெள்ளிச் சுரங்கமே அவங்க உழைப்புலதான் ஓடுச்சு. தலைமுறை தலைமுறையா அங்கேயே வாழ்ந்த வெளியூர்க்காரங்க இல்லை. கி.மு. 451-ல பெரிக்ளிஸ் கொண்டு வந்த சட்டப்படி அப்பா அம்மா ரெண்டு பேரும் ஏதென்ஸ்காரங்களா இருந்தாத்தான் குடிமகன். கழிச்சுப் பார்த்தா, உரிமையோட இருந்தவங்க மொத்த ஜனத்துல சின்னப் பங்குதான்.

உத்திரமேரூர்? அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். அந்தச் சபை அவங்க சபை. வரி கட்டுற கால் வேலி நிலம், சொந்த மனையில வீடு, வேதப் படிப்பு, 35-ல இருந்து 70 வயசு, இத்தனையும் வேணும். அந்த நிலத்துல உழுதவன் பேர் ஓலையில ஏறலை. அவன் பெண்டாட்டி பேரும் ஏறலை.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியையும் சேர்த்துக்கங்க. கடையேழு வள்ளல்ல ஒருத்தர். செம்மேட்டுல சிலையே இருக்கு. ஓரிகிட்ட கேட்டா கிடைக்கும். ஆனா ஓரிகிட்ட கணக்குக் கேக்க முடியுமா? வள்ளல் கொடுக்கிறது அவர் மனசு. உரிமைங்கிறது நம்ம கணக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு பாஸ்!

உள்ள இருந்தவங்களும் சும்மா இல்லை, தப்புப் பண்ணாங்க. ஏதென்ஸ்ல ஒரு வழக்கம். ஊருக்கு ஆபத்தானவர்னு தோணுற ஆளோட பேரை உடைஞ்ச பானை ஓட்டுல கீறிப் போடலாம். 6,000 ஓடு சேர்ந்து, அதுல அதிகம் யார் பேரோ அவர் பத்து வருஷம் ஊரை விட்டுப் போகணும். தெமிஸ்டோக்ளிஸ்னு ஒரு தலைவர் பேர் எழுதின 190 ஓடு ஒரே கிணத்துல கிடைச்சுது. தொல்லியல்காரங்க கையெழுத்தைப் பார்த்தாங்க. எழுதினது பதினாலே பேர்! எதிர் கோஷ்டி முன்கூட்டியே எழுதித் தயாரா வெச்சிருக்கு. ப்ராக்ஸி அட்டெண்டன்ஸ் போடுறவங்களே, உங்க முன்னோர் இவங்கதான்.

இன்னொண்ணு கொடுமை. கி.மு. 427. மித்திலீன்ங்கிற ஊர் ஏதென்ஸுக்கு எதிராக் கலகம் பண்ணி அடங்கிப் போச்சு. கோபத்துல மக்கள் மன்றம் ஒரு முடிவு எடுத்துச்சு. அந்த ஊர் ஆண்கள் அத்தனை பேரையும் கொல்லணும், பெண்களையும் பிள்ளைகளையும் அடிமையா விக்கணும். உத்தரவோட கப்பலும் கிளம்பிடுச்சு. ராத்திரி யாருக்கும் மனசு சரியில்லை. மறுநாள் திரும்பக் கூடினாங்க, திரும்பப் பேசினாங்க, கொஞ்ச ஓட்டு வித்தியாசத்துல முடிவை மாத்தினாங்க. ரெண்டாவது கப்பல் கிளம்புச்சு. துடுப்பை விடாம, வலிச்சுக்கிட்டே சாப்பிட்டு, முறை வெச்சுத் தூங்கி, முதல் உத்தரவைப் படிச்சு முடிச்ச நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாங்க. கலகத்துக்குத் தலைமை தாங்கினவங்க கொல்லப்பட்டாங்க. ஊர் பிழைச்சுது.

முதல் நாள் கூட்டமும் ஜனநாயகம்தான். ரெண்டாம் நாள் கூட்டமும் ஜனநாயகம்தான். வித்தியாசம் என்ன? ரெண்டாம் நாள் ஒருத்தர் எழுந்து, "நேத்து நாம செஞ்சது தப்பு"ன்னு சொன்னார். டியோடோட்டஸ்னு பேர். அவரைப் பத்தி வேற எதுவும் வரலாறு பெருசா எழுதி வைக்கலை. அந்த ஒரு பேச்சுதான் மிச்சம்.

அதே ஏதென்ஸ், கி.மு. 399-ல, சுமார் ஐந்நூறு பேர் உட்கார்ந்த நீதிமன்றத்துல ஓட்டெடுத்து சாக்ரடீஸுக்கு மரண தண்டனையும் கொடுத்துச்சு. அப்போ ரெண்டாவது கப்பல் வரலை.

வளைவு 63: நம்ம நிக்ஸ்

இப்போ நம்ம கதை. 73-வது அரசியல் சட்டத் திருத்தம், அப்புறம் 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அதுல கிராம சபைன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு உறுப்பினர் யார்? தேர்ந்தெடுத்தவங்களா? ம்ஹூம். அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற ஒவ்வொருத்தரும்! நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம், ஆணா இருக்க வேண்டாம். 18 வயசு போதும். ஏதென்ஸ்ல வெளியே நின்னவங்க, உத்திரமேரூர்ல வெளியே நின்னவங்க எல்லாரும் இங்கே உள்ள. 33 சதவிகிதமா இருந்த பெண்கள் இடஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2016-ல 50 சதவிகிதமா ஆக்குச்சு.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இந்த நாலோட 2022-ல மார்ச் 22, நவம்பர் 1-ன்னு ரெண்டு நாளையும் சேர்த்தாங்க. ஊராட்சி வரவு செலவைக் கூட்டத்துல வைக்கணும். கேள்வி கேக்கலாம். தீர்மானம் போடலாம். மக்கள்தொகையைப் பொறுத்து குறைஞ்சது 50-ல இருந்து 300 பேர் வரைக்கும் வரணும். சிவப்புக் கயிறுதான் இல்லை!

குறையும் இருக்கு. பழங்குடி ஊர்களின் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் கொடுக்கிற 1996 பெசா சட்டம் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்குத்தான். தமிழ்நாட்டுல அப்படி அறிவிச்ச பகுதியே இல்லை. அதனால கொல்லிமலைக்கு அது இல்லை. ஊராட்சித் தேர்தலே 2016-ல நடக்க வேண்டியது, 2019 டிசம்பர்லதான் நடந்துச்சு. நடுவுல மூணு வருஷம் தேர்ந்தெடுத்த தலைவரே இல்லை. ஆனா 2006 வன உரிமைச் சட்டம் இருக்கு. காட்டு நிலத்துல யாருக்கு உரிமைங்கிற விசாரணையை ஆரம்பிக்கிற அதிகாரம் கிராம சபைக்குத்தான். அந்தக் கூட்டத்துல பாதிப் பேராவது வரணும், வந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு பெண்கள் இருக்கணும்.

காகிதச் சட்டம்னு நினைக்காதீங்க. ஒடிசாவுல நியமகிரி மலை. டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களோட சாமியே அந்த மலைதான். அங்கே பாக்சைட் சுரங்கம் தோண்டத் திட்டம். 2013 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட், "கிராம சபையைக் கேளுங்க"ன்னுடுச்சு. பன்னிரண்டு ஊர்ல கூட்டம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளும் எழுந்து பேசினாங்க. பன்னிரண்டு ஊரும் 'வேண்டாம்'னுச்சு. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு! சுரங்கம் வரலை.

"யார் பேச விரும்புறீங்க?" பழைய ஏதென்ஸ் கேள்விதான். பதில் சொன்னது ஒரு மலை.

வளைவு 70: இறங்குற இடம்

பஸ் மேலே ஏறிடுச்சு. ஜன்னல்ல குளிர் காத்து. ரோட்டோரம் பலாவும் மிளகுக் கொடியும். செம்மேட்டுல இறங்கும்போது தம்பி கேட்டான். "அண்ணா, நான் கேட்டு, ஒண்ணும் நடக்கலைன்னா?"

நடக்காமப் போகலாம் தம்பி, பொய் சொல்ல மாட்டேன். ஆனா கேக்கும்போது ரெண்டு விஷயம் செய். கோபத்தைக் கேக்காதே, கணக்கைக் கேளு. தொட்டிக்கு எவ்வளவு, குழாய்க்கு எவ்வளவு, எதுல நிக்குதுன்னு. அப்புறம், கேட்டதைத் தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லு. எழுதினதைப் படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடு.

ஆகஸ்ட் 15 சாயங்காலம் போன் வந்துச்சு. பின்னாடி ஒரே இரைச்சல்.

"அண்ணா, கேட்டுட்டேன்! கை நடுங்குச்சு. முதல்ல யாரும் கண்டுக்கலை. ரெண்டாவது தடவை கேட்டேன். சித்தப்பா முறைச்சார். அப்புறம் எங்க அம்மா எழுந்துட்டாங்க அண்ணா. அம்மா! 'குடத்தைத் தூக்குறது நான், கேக்கவும் நான்தானே கேக்கணும்'னாங்க. அதுக்கப்புறம் நாலு பொம்பளைங்க எழுந்தாங்க."

"குழாய்?"

"அடுத்த கூட்டத்துல கணக்கு வைக்கிறோம்னு எழுதியிருக்காங்க. படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

அக்டோபர் 2 கூட்டத்துல கணக்கை வெச்சாங்க. குழாய் முழுசா வந்து சேர மறு வருஷம் ஆயிடுச்சு. பெரிய புரட்சி எல்லாம் இல்லை. ஒரு அம்மா குடத்தோட நடக்கிற தூரம் குறைஞ்சுது, அவ்வளவுதான்.

யுனிவர்சிட்டி அரியர் என்னாச்சுன்னு கேக்குறீங்களா? கிளியர்! கிளைஸ்தனிஸுக்கு ஆறு பக்கம் எழுதினானாம். உதாரணத்துக்குப் பதினாலு நாட்டையும் சேர்த்து எழுதியிருக்கான். திருத்தினவர் என்ன நினைச்சாரோ, பாஸ் போட்டுட்டார்.

சரி, இப்போ உங்க டர்ன். உங்க ஊராட்சியில கடைசியா நடந்த கிராம சபைக்கு நீங்க போனீங்களா? ஹாஸ்டல்ல இருந்தேன், மேட்ச் இருந்துச்சு, தூங்கிட்டேன்... எல்லாம் சரி. அடுத்த கூட்டம் எந்தத் தேதின்னு மேலேயே எழுதியிருக்கேன், காலண்டர்ல ஒரு வட்டம் போடுங்க. போய் ஒரே ஒரு கணக்கைக் கேட்டுட்டு வாங்க. கை நடுங்கினா நடுங்கட்டும், ரெண்டாவது தடவை கேக்கும்போது நின்னுடும்.

அடுத்த வாரம் வேற ஒரு பஸ்ல பார்ப்போம். டிக்கெட் எடுத்துட்டீங்கல்ல?